குவளைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு

பிலோமினா மதாம் இறந்த செய்தி எனக்கு இரண்டு விதமாக வந்தது. கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மாணிக்கம் தோழர் அழைத்து, "தோழர் போயிட்டாங்கம்மா" என்றார். சற்று நேரத்தில் பங்குக் கோயிலிலிருந்து கைப்பேசிக்கு அறிவிப்பு வந்தது: மதாம் பிலோமினா மேரி ஆண்டவரில் துயில்கொண்டார். ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர், மே தின ஊர்வலத்தையும் தவறவிட்டதில்லை. இரண்டு பக்கமும் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்திருந்தது. அவர் யாரையும் திருத்தவில்லை.

உப்பளம் பகுதியில் அவர் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். இளம் வயதில் உதவித்தொகையில் சோவியத் ஒன்றியத்துக்குப் போய், தாஷ்கந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். திரும்பி வந்து இங்கே ஒரு மில்லில் துணியின் தரம் பார்க்கும் வேலை செய்தார். மில்லை மூடிய பிறகு, கீழ்த்தளத்தின் இரண்டு அறைகளில், தான் கொண்டுவந்த சாமான்களையும் பழைய வகுப்புத் தோழிகள் அனுப்பியவற்றையும் பரப்பி, சனிக்கிழமைகளில் கதவைத் திறந்து வைத்தார். வாசலில் ஒரு பலகை: 'சோசலிச நாட்டில் அன்றாட வாழ்க்கை. உள்ளே வரலாம்.' தலைவர் படம் கிடையாது, கொடி கிடையாது. எனாமல் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, பள்ளிச் சீருடை, சட்டைப் பைக்குள் சுருட்டி வைக்கும் வலைப்பை. எந்தக் கடையில் திடீரென்று எது கிடைக்கும் என்று தெரியாததால் அந்தப் பையை எல்லோரும் எப்போதும் வைத்திருப்பார்களாம். எல்லாவற்றையும் தொடலாம்.

நான் வரலாறு கற்பிப்பவள். முதல் முறை போனபோது, அங்கே வழிபாடு நடக்கும் அல்லது கேலி நடக்கும் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. கூடத்தின் நடுவே ஒரு முக்காலியில், பட்டை தீட்டிய தடித்த கண்ணாடிக் குவளை ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சுவரில் ஆணியடித்து ஒரு துண்டு. மதாம் ஒரு கோலி சோடாவை உடைத்தார்.

"கிளாஸ கழுவு. குடி. மறுபடி கழுவிக் கவுத்து வை. அங்க தெருவுக்குத் தெரு சோடா மெஷின் இருக்கும். மெஷினுக்கு ஒரு கிளாஸ். ஊரே அதுல தான் குடிக்கும்."

நான் கழுவினேன். பிறகு, நம்மில் யாரும் யோசிக்காமல் செய்வதைச் செய்தேன். அண்ணாந்து ஊற்றினேன். சோடா மூக்கில் ஏறி, கழுத்து வழியாக இறங்கியது. அவர் துண்டை எடுத்து நீட்டினார். சிரிக்கவில்லை என்பதை விட, சிரிப்பை எங்கோ வைத்துவிட்டு வந்தவர்போல் நின்றார் என்பதே சரி.

"நானும் மொத நாள் இப்படித்தான். புது கோட்டு. பின்னாடி வரிசையில நின்ன கிழவி தன் கைக்குட்டையால என் மூஞ்சியத் தொடச்சு விட்டுட்டு, 'சுருக்கா குடிம்மா, நாங்களும் நிக்கிறோம்ல'ன்னுது. அதான் இந்தத் துண்டு."

குவளை எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கிளம்பும்போது மெஷினிலிருந்து எடுத்து வந்துவிட்டாராம். "நான் மட்டும் இல்ல. குடிகாரனுங்க தினமும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. மெஷின் இருக்கும், சோடா இருக்கும், கிளாஸ் இருக்காது. சமத்துவம் இருந்துச்சு வாணி, கிளாஸ் தான் இல்ல." பிறகு, "நான் எடுத்த அன்னைக்கும் எவனோ ஒருத்தன் தாகத்தோட நின்னிருப்பான்" என்றார். ஓர் அருங்காட்சியகத்தின் தலையாய பொருள், பொதுச் சொத்திலிருந்து திருடப்பட்டது. அதை வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடும் ஒரே காப்பாளரை நான் அங்கேதான் பார்த்தேன்.

என் சந்தேகங்களை அவர் விருந்தாளியைப்போல நடத்தினார், உட்கார இடம் கொடுத்து, ஆனால் வீட்டுச் சாவியைக் கொடுக்காமல். அங்கே ஒரு சுவர் வானொலி இருந்தது. ஒரே ஒரு திருகு. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நிலையத்தை மாற்ற முடியாது. முழு வரலாறும் இந்தத் திருகில் இருக்கிறது, மற்ற சாமான்கள் எதற்கு என்றேன்.

"இருக்கு. இல்லன்னு சொல்லல. பேசப் பயந்தவங்களயும் பாத்திருக்கேன். ஆனா காலையில அதுல தேகப்பயிற்சி சொல்லுவாங்க. நான் செஞ்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டையும் வச்சிருக்கேன், நீ ஒண்ணத் தூக்கிட்டுப் போவாத."

மாணிக்கம் தோழர் அவரோடு மில்லில் சங்கம் நடத்தியவர். அவருக்கு அந்தக் குவளையின் மேல் ஒரு பலகை வேண்டும். பல மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் இருந்த ஒரு சனிக்கிழமை, அவரே எழுதி எடுத்து வந்துவிட்டார். அட்டையில் சிவப்பு மையில் 'சமத்துவக் குவளை' என்று இருந்தது. அதன் கீழே மதாமின் அப்பாவைப் பற்றி ஒரு வரி. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மதாமின் கிராமத்து டீக்கடையில் சேரிக்காரர்களுக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு அவர்களே கழுவி, வெளியே கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும். கோயிலில் ஒரே நற்கருணை வாங்கியவர்களும் கடையில் வேறு குவளையில் குடித்தார்கள்.

"நீங்க வேற நாட்டுக் கிளாஸக் காட்டல தோழர்," என்றார் மாணிக்கம். "நம்ம கடை கிளாஸத்தான் காட்டுறீங்க. அத வாயத் தொறந்து சொல்லணும்ல?"

மதாம் அட்டையை வாங்கி இரண்டு முறை படித்தார். "கையெழுத்து நல்லா இருக்கு."

"கையெழுத்தயா கேட்டேன்?"

"இத ஒட்டினா வர்றவன் அட்டையப் படிப்பான். தலையாட்டுவான். கிளாஸ எடுக்க மாட்டான். எங்கப்பா கழுவின மாதிரி அவனும் ஒரு தடவ கழுவட்டும். அதுக்கப்புறம் ஒனக்கு என்ன எழுதணுமோ எழுது."

"எல்லாரும் கழுவுறாங்க, எதுக்குன்னு தெரியாமலே கழுவுறாங்க."

"தெரியாமலே கழுவினா போதும்."

அட்டை திரும்பிப் போனது. நான் யார் பக்கம் என்று இருவருமே கேட்கவில்லை. எனக்கு மாணிக்கம் சொன்னதே சரியென்று பட்டது, இன்றும் ஓரளவு படுகிறது. ஆனால் அதற்குப் பிறகு அங்கே வருகிறவர்களின் கைகளைக் கவனிக்கத் தொடங்கினேன். கழுவுவதற்கு முன் கொஞ்சம் தயங்கும் கைகள், மூன்று முறை கழுவும் கைகள். கொரோனாக் காலத்தில் அவரே குவளையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "கிருமிக்கு மட்டும் நான் லீவு விடுவேன், வேற எதுக்கும் விட மாட்டேன்."

போன ஆண்டு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வீடு அவருக்கும் தம்பி ஜெரோமுக்கும் பொது. ஜெரோம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, பிரான்சுக்குப் போய், வேலை செய்து, ஓய்வும் பெற்றுவிட்டவர். அக்காவைப் பார்க்க வந்தவர், வீட்டை விற்றுவிடலாம் என்றார். கடற்கரைப் பக்கம் உணவகம் நடத்தும் ஒருவர் சாமான்களை மொத்தமாகக் கேட்டிருந்தார். சோவியத் பாணியில் ஒரு காபி கடை வைக்கப்போகிறாராம். வீட்டுக்கே வந்து, குவளையை விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பேன் என்று மரியாதையாகவே சொன்னார். மதாம் கட்டிலில் இருந்தபடி, "அவருக்கு ஒரு சோடா குடுடா" என்றார். உணவகக்காரர் கழுவினார், அண்ணாந்தார், நனைந்தார். துண்டைக் கொடுத்தோம். மறுபடி ஊற்றச் சொன்னார் மதாம். இந்த முறை அவர் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார், வாய் வைக்கவில்லை. முக்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"மொத தடவ நனையறது சரி," என்றார் மதாம். "விக்கிறதுன்னா நீ வித்துக்கோ ஜெரோம். ஆனா நான் போன பெறவு. அதுவும் குடிக்கிற ஆளுக்கு வித்துடு."

"அந்தக் காலத்தயே பிடிச்சிட்டுத் தொங்குற அக்கா. யாருக்கு இதெல்லாம் வேணும்?" என்றார் ஜெரோம். அவர் அந்தக் குவளையில் குடித்து நான் பார்த்ததில்லை. வீட்டில் தனக்கென்று ஒரு பீங்கான் கோப்பை வைத்திருந்தார்.

அடக்கத்தன்று பெட்டியின் மேல் சிலுவையும் இருந்தது, மாணிக்கம் கொண்டுவந்த சிவப்புத் துணியும் இருந்தது. கல்லறையிலிருந்து திரும்பிய எல்லோரும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். ஜெரோம் தன் கோப்பையைத் தொடவில்லை. எழுந்து போய் வாளியில் குவளையைக் கழுவினார். சோடா இல்லை, தண்ணீர்தான் ஊற்றினார். வாய் வைத்துக் குடித்தார். மறுபடி கழுவினார், கவிழ்த்தார். கை முக்காலியிலேயே இருந்தது.

"காலையில நாஸ்தாவுக்கு எங்கப்பா என்னையும் அந்த டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போவார்," என்றார் யாரையும் பார்க்காமல். "அவர் கழுவும்போது நான் திரும்பி நின்னுக்குவேன். அக்கா பாத்துட்டே நிக்கும்."

பங்குச் சாமியார் தன் காகிதக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் மாணிக்கம். வரிசை தானாக நின்றது. யாரும் அண்ணாந்து ஊற்றவில்லை. தெரிந்தவர்கள் மட்டுமே இருந்த வரிசை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் ஜெரோம், "வீட்ட இப்ப விக்கல. நான் இருக்கறவரைக்கும் இருக்கட்டும்" என்றார். "சாவிய யார் வச்சிக்கிறீங்க?"

மாணிக்கம் என்னைக் காட்டினார். "என்கிட்ட குடுத்தா நாளைக்கே அட்டைய ஒட்டிடுவேன். இந்தம்மாகிட்ட குடுங்க. இது எதையும் நம்பாது."

அதனால் சனிக்கிழமைகளில் இப்போது நான் திறக்கிறேன். அந்த நாட்டைப் பற்றி என் கருத்து மாறவில்லை. வானொலியின் திருகை இன்னும் முதலில் காட்டுகிறேன். தேகப்பயிற்சியையும் சொல்கிறேன், அது அவருடைய பாதி. குவளையின் மேல் எதுவும் எழுதி ஒட்டவில்லை.

போன வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் சுவரைத் தேடிப் பார்த்துவிட்டு, "இது என்னான்னு ஒண்ணும் எழுதலயே மேடம்?" என்றார். கழுவுங்க என்றேன். கழுவினார். சோடா ஊற்றினேன். மனைவி, "பாத்துங்க" என்பதற்குள் அண்ணாந்துவிட்டார்.

மதாமிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தத் துண்டுதான். வாரா வாரம் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து, காயவைத்து, மறுபடி கொண்டுவந்து ஆணியில் மாட்டுகிறேன். அதை எடுத்து அந்தக் கணவரிடம் நீட்டினேன். அவர் முகத்தைத் துடைக்கும்வரை காத்திருந்து, மறுபடி ஊற்றினேன்.