தொட்டிக்கு மூடி

ஏற்காட்டில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தோம் என்றால் சிங்கப்பூரில் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். நல்லாக் குளிருமா, காபித் தோட்டமெல்லாம் பார்த்தீர்களா, பிள்ளைக்கு அந்தக் காற்று ஒத்துக்கொண்டதா. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். காபி பூக்கும்போது மலையே மணக்குமாமே என்று ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரியாது. அது பூத்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு ஒரு நாற்றம் இருந்தது.

அங்கே கட்டிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலில் மின்வேலைகளைக் கவனிக்க என் கணவரை அனுப்பினார்கள். நான் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு நான்கு வயது மகளோடு கூடவே போனேன். பேசுவது தமிழ், சாப்பிடுவது சோறு, ஆனாலும் எங்கள் இருவர் குடும்பமும் கப்பலேறித் தலைமுறைகள் ஆகிவிட்டன. எங்களுக்கு அது வெளிநாடுதான். குழாயைத் திறந்து அப்படியே கையில் ஏந்திக் குடிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னை ரொம்பவும் அலட்டிக்கொள்கிறாள் என்று நினைக்க வேண்டாம்.

வீடு கிளியூர் போகும் சாலையில், சரிவில் இருந்தது. மேலே வீட்டுக்காரர் வீடு, கீழே எங்களுடையது. வீட்டுக்காரர் ஏதோ ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் போல மரியாதையாகப் பேசுகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைவிட இருமடங்கு வயது, ஆனால் வாய் திறந்தால் "ஏனுங்க அம்மிணி"தான். நாங்கள் எங்கள் ஊர் வழக்கப்படி அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை ஆன்ட்டி என்றும் கூப்பிட்டோம். அவர்களுக்கு அதில் ஒரு சிரிப்பு.

மற்றபடி அருவருப்புக்குக் குறைவில்லை. அலமாரியில் வைத்த செருப்பில் பச்சையாகப் பூஞ்சை பூக்கும். மழைக்காலத்தில் மகளின் கணுக்காலில் அட்டை. சனி ஞாயிறு வந்தால் சுற்றுலா வருகிறவர்கள் காரை நிறுத்தி, பிரியாணி தின்ற தட்டையும் எலும்பையும் எங்கள் வாசல் பக்கம் வீசிவிட்டு, அதே இடத்தில் நின்று மலையைப் படம் எடுப்பார்கள். திங்கட்கிழமை அதையெல்லாம் குரங்குகள் கூரைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பங்கு போடும். காயப்போட்ட துணியில் மேலேயிருந்து மூத்திரம் சொட்டும். எனக்குக் கொஞ்ச நாளில் எதைத் தொட்டாலும் கை கழுவுகிற வியாதி வந்துவிட்டது. எந்தத் தண்ணீரில் கழுவினேன் என்பதுதான் விஷயம்.

எங்கள் கூரைமேல் ஒரு பழைய கருப்புத் தண்ணீர்த் தொட்டி. நாங்கள் குடிபோன சில நாட்களிலேயே ஒரு பேய்க் காற்றில் அதன் மூடி பறந்து, கீழே காபிச் செடிகளுக்குள் விழுந்து உடைந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னோம்.

"பாத்துக்கலாமுங்க. அந்த அளவு மூடி சேலத்துலதானுங்க கிடைக்கும். போறப்ப வாங்கியாறேன்."

அவர் சேலம் போனார். கண் டாக்டரைப் பார்க்கப் போனார், கல்யாணத்துக்குப் போனார், கோயிலுக்குப் போனார். மூடி மட்டும் வரவில்லை. என் கணவர் ஒரு தார்ப்பாயை வாங்கிக் கட்டினார். குரங்குகள் இரண்டே நாளில் அதைக் கிழித்து மரத்தில் தோரணம் கட்டின. நாங்களே போய் மூடி வாங்குகிறோம் என்றபோது வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது.

"ஊட்டுக்காரன் நான் ஒருத்தன் இருக்கறப்ப நீங்க எதுக்குங்க அலையறீங்க? நொம்பச் சங்கடமா இருக்குதுங்க."

என் கணவருக்கு யார் முகமும் வாடக் கூடாது. விட்டுவிட்டார். மேலே வீட்டுக்காரருடைய தொட்டிக்கு மூடி இருந்தது. மூடிமேல் ஒரு கல், கல்லைச் சுற்றிக் கயிறு. தினமும் துணி உலர்த்தும்போது அதைப் பார்ப்பேன்.

கோடை வந்தது. தொட்டியில் பாதிகூட நிரம்புவதில்லை. அந்தச் சமயத்தில்தான் தண்ணீரில் ஏதோ ஒரு வாடை. முதலில் கெட்டிலைச் சந்தேகப்பட்டேன். அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பிறகு குழாய். பிறகு என் மூக்கையே சந்தேகப்பட்டேன். ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இலை தழை ஊறியிருக்குதுங்க. மலைத்தண்ணி அப்படித்தானுங்க இருக்கும்," என்றார். குடித்துப் பார்க்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருந்தேன்.

அதனால் கொதிக்க வைத்தேன். கொஞ்சமாக இல்லை, தளதளவென்று, தண்ணீர் பாதியாகச் சுண்டுகிற வரைக்கும். அதில்தான் மகளுக்குப் பால் கலந்தேன், ரசம் வைத்தேன், சோறு வடித்தேன். பல் தேய்ப்பதும் குளிப்பதும் மட்டும் குழாயில். அவள் குளிக்கும்போது வாயில் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சி விளையாடுவாள். நான் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு அவளுக்கு வாந்தி தொடங்கியது. வயிற்றாலும் போனது. டவுனில் டாக்டரிடம் காட்டினோம். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க," என்றார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் இரும்பு ஏணியைப் பிடித்து மேலே ஏறினார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உடனே இறங்கினார். கடைசிப் படியில் நின்று காபிச் செடியின்மேல் வாந்தி எடுத்தார்.

"குரங்கு," என்றார். "ரொம்ப நாளா கிடக்குது போல."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காலையில் குடித்த காபி, நேற்று வைத்த ரசம், தலைக்கு ஊற்றிய தண்ணீர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. தண்ணீர் குடிக்க உள்ளே இறங்கிய குரங்கு வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் செத்திருக்கிறது. கூரையில் ஒரு நாள் தடதடவென்று சத்தம் கேட்டதும் நினைவு வந்தது. அங்கே எந்நேரமும் கேட்கிற சத்தம்தான். பாவம் என்று நினைக்க வேண்டும். எனக்கு அப்போது அந்தக் குரங்கின்மேல் பாவம் வரவில்லை. இத்தனை நாளும் அதைக் கொதிக்க வைத்து என் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன் என்பது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். வந்து பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் நான் காத்திருந்தேன். அவரோ ஏணியிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆஞ்சநேயர் அம்சமுங்க. எத்தனையோ ஊடு இருக்க, உங்க ஊட்டைத் தேடி வந்து உசுரை விட்டிருக்குது பாருங்க. புண்ணியமுங்க."

அரைமணி நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. எஸ்டேட் வேலை முடிந்து கிளியூருக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு வந்து நின்றார்கள். யாரோ வெள்ளைத் துணி கொண்டுவந்தார்கள், யாரோ செவ்வந்தி மாலை. இரண்டு ஆண்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அதை வெளியே எடுத்தார்கள். அந்த நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை. ஊதி உப்பி, முடியெல்லாம் கழன்று கிடந்த அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். குடியிருக்கிறவர்தான் தூக்க வேண்டுமாம். என் கணவர், பாவி மனுஷன், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தூக்கினார். தோட்டத்து மூலையில் பலா மரத்தடியில் குழி. கற்பூரம், பால், தேங்காய்.

உள்ளே என் மகள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

"பாப்பாவையும் கூட்டியாங்க, ஒரு கும்பிடு போட்டுக்கட்டும்," என்றார் வீட்டுக்காரர்.

"பாப்பா எழுந்து நிக்க முடியாம கிடக்குறா அங்கிள். இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான்."

"சாமி பாத்துக்குமுங்க அம்மிணி."

மூடி என்ற சொல்லை அங்கே ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தது நான் மட்டும். சாவு வீட்டில் சண்டைக்கு நிற்கிறவளைப் பார்ப்பது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மண் தள்ளி முடித்ததும் வீட்டுக்காரர் எங்களிடம், "தலைக்குத் தண்ணி வாத்துட்டுத்தானுங்க உள்ள போகோணும்," என்றார்.

"எந்தத் தண்ணில, அங்கிள்?" என்றேன்.

அவர் மனைவிதான் மேலே போய் அவர்கள் தொட்டியிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்து வைத்தார். "கண்ணு ஏதாச்சும் குடிச்சுதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று அதைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் மகளுக்குக் கண் செருக ஆரம்பித்தது. வண்டி பிடித்து அத்தனை வளைவுகளிலும் அவளை மடியில் போட்டுக்கொண்டு சேலத்துக்கு இறங்கினோம். ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசி ஏற இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அனுப்பும்போது டாக்டர், "இனிப் பயமில்லை. ஆனால் தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கணும். குடிக்கலைன்னா திரும்பவும் இங்கதான் வரணும்," என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அவள் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே பாட்டில் தண்ணீரைக்கூடத் தூக்கிப் பார்த்து, "இதுல குரங்கு இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அன்று வீட்டு ஜன்னல் வழியாக அவள் எவ்வளவு பார்த்தாளோ, எவ்வளவு கேட்டாளோ. டம்ளரை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். இளநீர் வேண்டாம். பால் வேண்டாம். மிரட்டினேன், கெஞ்சினேன். பலவந்தமாக ஊற்றியதை அப்படியே துப்பினாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான்.

"தொட்டிய மூடியாச்சாம்மா?"

"மூடிட்டாங்க, கண்ணு."

பொய் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். என் கணவர் போனில் பேசியிருந்தார். பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டார், வீட்டுக்காரரும் சேலம் போகிறார், மூடியோடுதான் திரும்புவேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

வந்து இறங்கியதும் மகள் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். தொட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பலா மரத்தடியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் சடங்கு. மண் மேட்டின்மேல் புத்தம்புதிய இரும்புத் தகடு, கனமானது, நான்கு மூலையிலும் செங்கல். தகடு முழுக்க மஞ்சளும் குங்குமமும்.

"சேலத்துலருந்து வாங்கியாந்தனுங்க," என்றார் வீட்டுக்காரர், முகமெல்லாம் நிறைவாக. "நாய் கீய் தோண்டிருமுங்க. மழை வேற. மேடை கட்டற வரைக்கும் கெடக்கட்டும்னு."

"மூடி?"

"அட, அது மறந்தே போச்சுங்க அம்மிணி. அடுத்த வாரம் கட்டாயம்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். என் கணவர் என் கையைப் பிடித்தார், நான் உதறினேன். மகளை அவரிடம் கொடுத்தேன். செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தேன். தகட்டை இழுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்பும் நாரும் எடுத்து, மஞ்சள் குங்குமம் போகத் தேய்த்தேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். அந்த ஓராண்டில் அவர் குரல் உயர்ந்தது அன்று ஒரு நாள்தான்.

"ஏனுங்க, சாமி தகட்டைப் போயி! தெய்வக் குத்தமாயிருமுங்க!"

"சாமி செத்ததே மூடி இல்லாமத்தான், அங்கிள்."

யாரும் தடுக்கவில்லை. தகட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் ஏறினேன். என் கணவர் மகளை ஒரு கையிலும் ஏணியை மறு கையிலும் பிடித்துக்கொண்டார். தகட்டை இழுத்துத் தொட்டி வாயில் போட்டபோது டங்கென்று ஒரு சத்தம். செங்கற்களை யாரோ ஏணிவழியாக நீட்டினார்கள். குனிந்து பார்த்தேன். ஆன்ட்டி. புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் நாலு கல்லையும் எடுத்துக் கொடுத்தார்.

இறங்கினேன். மகள் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். "டைட்டா இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். ஆன்ட்டி கொண்டுவந்த டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, நிறுத்தாமல், மோவாய் நனையக் குடித்தாள். இன்னும் கேட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் நான் சாமிக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சேலம் போன வீட்டுக்காரர், மத்தியானச் சாப்பாட்டுக்குள் இன்னொரு புதுத் தகட்டோடு திரும்பிவிட்டார். குரங்கின் சமாதிக்கு. நாங்கள் வீட்டைக் காலி செய்கிற வரைக்கும் எங்கள் தொட்டிமேல் கிடந்தது அந்த முதல் தகடுதான்.