ஜெர்மேனியக் காது

எனக்கு ஜெர்மேனியக் காது என்பது பாரிசின் லா சப்பலில் கொஞ்சம் பேருக்குத் தெரியும். கொஞ்சம் பேர் என்றால் எங்கள் இசைக்குழுவில் இருந்த ஐந்து பேர். அதிலும் மூன்று பேர் அதை ஏதோ வியாதி என்றுதான் நினைத்திருந்தார்கள்.

விஷயம் ஃபஸ் பெடலைப் பற்றியது. கிட்டாருக்கும் அம்பிளிபயருக்கும் நடுவே காலடியில் கிடக்கும் சின்னப் பெட்டி அது. காலால் அமத்தினால் கிட்டாரின் சுத்தமான நாதம் கரகரவென்று கிழிந்து, தொண்டை கட்டிய மனிதர் ஒருவர் அடம்பிடித்துப் பாடுவதுபோல வரும். பழைய தமிழ்ப் படப்பாட்டுகளின் இடையிசையில் அதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. என் மனைவி அதை மிக்சிச் சத்தம் என்பாள். தேங்காய் போட்ட மிக்சியா, வெறும் மிக்சியா என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த வித்தியாசத்தைத் தேடியே என் சனிக்கிழமைகளில் பாதி போயிருக்கிறது.

உள்ளே பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. இரண்டு டிரான்சிஸ்டர், கைப்பிடிக்குள் அடங்கும் மற்றச் சாமான்கள், ஒரு ஒன்பது வோல்ட் பற்றரி. அறுபதுகளில் வந்த முதல் பெட்டிகளில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இருந்தது. அதன் சத்தம் மெத்தென்று இருக்கும், ஆனால் குணம் மாப்பிள்ளை வீட்டுக்காரரின் குணம். வெயில் கொஞ்சம் ஏறினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பிறகு வந்த சிலிக்கன் எந்தக் காலநிலைக்கும் அசையாது, ஆனால் சத்தம் கூர். இந்த இரண்டிலிருந்தும் கிளை பிரிந்து இன்றைக்கு ஒரு வம்சமே நிற்கிறது. ஒரு கெப்பாசிட்டரைப் பெரிதாக்கியவர் அதற்கொரு பெயர் வைத்தார், ஒரு ரெசிஸ்டரை மாற்றியவர் இன்னொரு பெயர் வைத்தார். பிகாலில் கிட்டார்க் கடைகள் இருக்கும் தெருவில் தனிப் பட்டறைக்காரர்கள் கையால் செய்த பெட்டிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். ஒன்றைத் திறந்து பார்த்தேன். யாரும் பார்த்துச் செய்துவிடாதபடி உள்ளே முழுக்கக் கறுப்புப் பிசின் ஊற்றி மூடியிருந்தது. இரண்டு டிரான்சிஸ்டருக்கு இவ்வளவு மறைப்பு.

நான் ரூ காய் தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில் திருத்தும் வேலை செய்கிறேன். ஈயப்பற்று வைக்கும் கருவி எப்போதும் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதால் ஃபஸ் செய்வது எனக்குப் பழக்கமாகிப் போனது. எங்கள் குழுவின் இரண்டாவது கிட்டார்க்காரருக்கும் அதே பைத்தியம். அவர் தமிழ்நாட்டுக்காரர், மென்பொருள் எஞ்சினியர், என்னைவிட ஆறு வயது இளையவர். என்னை அண்ணே என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். அவர் சிலிக்கன் கட்சி. எந்தக் கட்சியாக இருந்தாலும் அவரைப் பகிடி பண்ணாமல் எனக்கு ஒரு ஞாயிறு கழியாது. அவர் பற்றரி போட்ட தேதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதி வைக்கும் மனிதர். அதற்கே ஒரு மாதம் பகிடி பண்ணினேன்.

ஒரு சாமத்தியவீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, நாங்கள் வாசித்தபோது, விருந்தாளிகளுக்குக் கொடுத்ததுபோல எங்களுக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர்ப் பெட்டி கொடுத்தார்கள். வட்டமானது, மூடி இறுக்கமானது, பக்கத்தில் பிள்ளையின் பெயரும் விழா நாளும் பொறித்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மெத்ரோவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்தோம். ஃபஸ்ஸுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

அப்போதுதான் போட்டி முடிவானது. அவர் சிலிக்கன், நான் ஜெர்மேனியம். வெளியே பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்காக ஒரே காகிதத்தில் அளவு வரைந்து, ஒரே இடத்தில் துளை போட்டு, ஒரே பையிலிருந்து குமிழ்களை எடுத்துப் பூட்டினோம். எவர்சில்வரில் துளை போடுவது சும்மா வேலையில்லை. மூன்று துளையூசிகள் முனை மழுங்கிச் செத்தன. அடியில் ஏதாவது அடையாளம் வைப்போம் என்று அவர் சொன்னார். பெற்ற பிள்ளையை அடையாளம் பார்த்தா தூக்குவது என்று கேட்டேன். என் காது இருக்கும்போது எனக்கு ஒட்டுத்தாள் தேவையில்லை என்றும் சொன்னேன். ஐந்து பேரும் அதைக் கேட்டார்கள்.

ஒத்திகை ஞாயிறு பூசை முடிந்து பின்னேரத்தில், ஒரு சேலைக்கடையின் நிலவறையில் நடக்கும். இரண்டு பெட்டிகளையும் இரண்டு மூன்று வாரம் அக்கம்பக்கமாக வைத்து வாசித்தோம். பிறகு அவரவர் பெட்டியை அவரவர் கொண்டுபோனோம். அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் நான் வாய் மூடவில்லை.

என் பெட்டியின் சத்தம் என்னையே மயக்கியது. ஒவ்வொரு ஞாயிறும் முதல் பாட்டு முடிந்ததும் அதைத் தடவிக்கொடுத்து, இப்படி ஒரு சத்தம் பாரிசில் ஒருவரிடமும் கிடையாது என்பேன். இது கையின் திறமை, இது பொறுமை, இது பொருளைத் தெரிந்தெடுக்கும் கண் என்று விரித்துச் சொல்வேன். அந்த நேரத்தில் அவர் தலையைக் குனிந்து தன் கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். தோல்வியை மறைக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன்.

ஜூலை மாதத்தில் கடும் வெயில் அடித்த ஒரு ஞாயிறு, அவருடைய பெட்டி நடுப்பாட்டில் விக்கி, இழுத்து, கடைசியில் கொசு மாதிரிப் பாடியது. என்ன தம்பி, உம்மடை சிலிக்கனுக்கும் வெயில் பிடிச்சிட்டுதோ என்று கேட்டேன். சிலிக்கனை வெயில் ஒன்றும் செய்யாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கைப்பிழையாக இருக்கும் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, யோசிக்கவில்லை. தை மாதத்தில் சூடாக்கும் கருவி வேலை செய்யாத ஒரு மண்டபத்தில், எல்லோரும் மேலங்கியோடு வாசித்தபோது, என்னுடையது ஒரு துளி அசையவில்லை. நான் தெரிந்தெடுத்த ஜெர்மேனியம் குளிரைக்கூட வென்றுவிட்டது என்று அறிவித்தேன். இன்னொரு நாள் பெட்டிக்குள்ளிருந்து யாரோ ஒரு வாகனச் சாரதி பிரெஞ்சில் மெல்லப் பேசுவது கேட்டது. அப்படி வானொலியை இழுப்பது சிலிக்கனின் வழக்கமான குழப்படி. நானோ, என் பெட்டிக்கு எவ்வளவு நுணுக்கமான காது பாருங்கள் என்றேன்.

ஃபஸ் பெட்டி பற்றரியைக் கோழி தண்ணீர் குடிப்பதுபோலத்தான் குடிக்கும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றி வைத்தால் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். என்னுடையது பங்குனி மாதத்தில்தான் முனகத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை காலை, பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் எங்கள் சமையலறை மேசையில் வைத்து, செய்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மூடியைத் திறந்தேன்.

பற்றரியின் மேல் மார்க்கரால் அழகாகத் தேதி எழுதியிருந்தது.

அதற்குக் கீழே, என்னுடைய பழைய ஜெர்மேனியங்கள் சின்னச் சின்னத் தகரத் தொப்பி போட்டு நிற்க வேண்டிய இடத்தில், இரண்டு கறுத்த பிளாஸ்டிக் சிலிக்கன்கள் நேராக நின்றன. ஈயப்பற்று ஒவ்வொன்றும் ஒரே அளவு, வயர்கள் வகிடு எடுத்து வாரியதுபோல. என் பெட்டிக்குள் வயர்கள் இடியப்பம் மாதிரி இருக்கும். ஒரு வருடமாக நான் புகழ்ந்தது அவருடைய பெட்டியை. கொசு என்று சிரித்தது என் சொந்தப் பிள்ளையை.

என் மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன பழுதா என்று கேட்டாள். பெட்டி மாறிப்போச்சு என்று மட்டும் சொன்னேன், காது பழுது என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அரைவாசி சொன்னாலே மிச்சம் விளங்கிவிடும். அவரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள்.

சொல்லலாம்தான். ஆனால் அந்த வாரம்தான் அவர் வேலை மாற்றிச் சென்னைக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். இன்னும் பத்து நாள். சொன்னால் அவர் விமானத்தில் கொண்டுபோகும் கடைசி ஞாபகம் என்னுடைய அசடு வழிந்த முகமாக இருக்கும், குழுவில் மற்றவர்களும் சாகும்வரை என்னை விடமாட்டார்கள். சொல்லாமல் விட்டால் அவர் செய்த பெட்டியை நான் வைத்துக்கொண்டு, சென்னை வெயிலில் அரை மணித்தியாலம் தாங்காத ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டேன் என்றாகும். இரண்டு நாள் யோசித்து, மானமும் போகாமல் பாவமும் சேராமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். வழியனுப்பப் போகிற சாக்கில் போய்ச் சத்தமில்லாமல் பெட்டியை மாற்றிவிடுவது.

அடுத்த சனிக்கிழமை முற்பகல், புதுப் பற்றரி போட்ட பெட்டியைத் தோள்பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். லா சப்பல் மெத்ரோவிலிருந்து நடக்கிற தூரம், ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறி முடித்தபோது என் நெஞ்சு அடித்ததற்கு நான் படிகளைக் குற்றம் சொன்னேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அவருடைய ஃபஸ், அதாவது என்னுடையது, ஜன்னல் ஓரத்தில் ஒரு துவாயின் மேல் இருந்தது. காப்பி போடட்டுமா என்று கேட்டார். இவ்வளவு ஆர்வமாக நான் என்றைக்கும் காப்பிக்கு ஓம் சொன்னதில்லை.

அவர் அடுப்படிக்குப் போனதும் வேலையை முடித்தேன். எவர்சில்வர் ஒன்றோடொன்று இடித்துக் கணீரென்றது. நான் இருமினேன்.

அவர் இரண்டு கோப்பைகளோடு வந்து, துவாயைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார்.

“மாத்திட்டீங்களாண்ணே?”

எதை என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஓம் என்றேன்.

“எனக்கு ஜூலைலயே தெரியும். அந்த வெயில்ல சத்தம் போச்சில்ல, அன்னிக்கு வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன்.”

“பிறகேன் தம்பி வாய் திறக்கேல்லை?”

அவர் கோப்பைகளை ஒரு அட்டைப்பெட்டியின் மேல் வைத்தார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

“ஆறு வருஷத்துல நான் செஞ்ச எதையுமே நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதில்லண்ணே. சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பீங்க. அதான் விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து கேட்டுட்டுப் போவேன்.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த எட்டு மாதத்து ஞாயிறுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கையின் திறமை, பொறுமை, பொருளைத் தெரிந்தெடுக்கும் கண். எல்லாவற்றையும் அவர் குனிந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

“இப்போ யார் செஞ்சதுன்னு தெரிஞ்சே ஒரு தடவை சொல்லுங்க” என்றார்.

என் நாக்கில் ஒரு பகிடி தயாராக இருந்தது. எப்போதும் ஒன்று இருக்கும். நல்ல பகிடிதான், அவரும் சிரித்திருப்பார், நானும் தப்பியிருப்பேன். அதை விழுங்குவது எனக்கு ஐந்து மாடி ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“உம்மடை பெட்டி நல்ல பெட்டி, தம்பி. என்ரையை விட நல்லது. நீர் செய்ததெண்டு தெரிஞ்சிருந்தா நான் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டன். அது என்ரை பிழை, உம்மடை கைப்பிழை இல்லை.”

நிறுத்தினால் பகிடி முந்திவிடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு கோப்பையை எடுத்து என் கையில் தந்தார். அது ஆறிப்போயிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தேன்.