இடது கையில் வாங்காதவர்

மரியாதை விஷயத்தில் என் வீட்டுக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த மரியாதைதான் எங்கள் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தது.

ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டினார். ஒருநாள் வலது கை உள்ளே மாட்டிக்கொண்டது. விரல்கள் இருக்கின்றன, ஆனால் மடங்குவதில்லை. பிடிமானம் சுத்தமாகப் போய்விட்டது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவார். வெளியே யார் எதை நீட்டினாலும் வலது கைதான் முன்னால் போகும், இடது கை அடியில் தாங்கும். இடது கையில் வாங்கினால் கொடுப்பவரை அவமதித்ததாகிவிடுமாம்.

ஊனத்துக்கான மாத உதவித்தொகை கேட்டு மருத்துவக் குழுவின் முன்னால் நின்றபோதும் இதையேதான் செய்தார். டாக்டர் ஒரு காகிதத்தை நீட்ட, இவர் பவ்யமாக வாங்கிக்கொண்டு வந்தார். ‘வலது கையால் பொருளைப் பிடிக்கிறார், ஊனம் இல்லை’ என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். வேலை ஏற்கெனவே போயிருந்தது. தொகையும் வராவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு என் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

நீதிமன்றத்துக்குப் போனோம். அங்கே எது கொடுத்தாலும் இடது கையில் வாங்கச் சொல்லி வக்கீலம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

“ஜட்ஜ் அய்யாகிட்டப் போயி எப்படீங்க இடது கையில வாங்கறது?” என்று இவர் அவரையே திருப்பிக் கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

விசாரணையன்று நீதிபதி இவரை அருகில் கூப்பிட்டு, டாக்டரின் அந்தக் குறிப்பை நீட்டினார். வலது கை போயிற்று, இடது கை அடியில் தாங்கியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நீதிபதி கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு இடது கையை எடுக்கும்படி கன்னடத்தில் சொன்னார். எடுத்தார். காகிதம் நழுவிக் கீழே விழுந்தது.

“மன்னிச்சுக்கோங்க அய்யா” என்று பதறிக் குனிந்தவர், அதையும் வலது கையாலேயே எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி முயன்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய முடிவு செல்லாது, வேறு மருத்துவக் குழு புதிதாகப் பரிசோதிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இவருக்கோ ஜட்ஜ் கொடுத்த காகிதத்தைக் கீழே போட்டுவிட்டோமே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க என் கையைத் தொட்டவர் இல்லை அவர். புதிய குழு எங்களை அழைத்த அன்று, பெஞ்சிலிருந்து எழுந்தவர் தன் இடது கையை என்னிடம் நீட்டினார்.

“ஏம்புள்ள, இதைக் கெட்டியாப் புடிச்சுக்க. நானே இழுத்தாலும் விட்டுராத.”

பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் காகிதத்தை நீட்டியதும் அந்தக் கை ஒருமுறை வெடுக்கென்று இழுத்தது. நான் விடவில்லை.