சிவப்பு யாருக்கு?

இன்று ஆட்டையாம்பட்டி பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர்களின் இடுப்பில் சென்சார் பெல்ட் கட்டினேன். அவர்கள் குனிவதையும் மூட்டையின் எடையையும் வைத்து, கீழ்முதுகில் விழும் பாரத்தை என் போன் காட்டும்: அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு.

மூன்றாவது மூட்டையிலேயே பழனியண்ணனுக்குச் சிவப்பு.

போனை எட்டிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி பாத்தாருன்னா என்னைய நிறுத்திப்போடுவாருங்க. பச்சைன்னே போட்டுருங்க சாமி."

அதற்குள் முதலாளியே பின்னால் வந்து நின்றார். "யாருக்குங்க செவப்பு வந்துச்சு?"

பழனியண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து பெல்ட்டின் மேல் சுற்றினார், சிவப்பு அங்கேதான் எரிவது போல.

நான் முந்திக்கொண்டேன். "ஆளுக்கு இல்லீங்க. தொண்ணூறு கிலோ மூட்டைக்குங்க."

முதலாளி மூட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நாளை அவர் குறைக்கப்போவது மூட்டையின் எடையையா, ஆலைக்குள் என் வரவையா? பந்தயம் கட்டுபவர்கள் கமெண்டில் வரலாம்.