பச்சை வளையம்

எங்கள் வீட்டில் வண்டி நிறுத்தும் தகரச் சார்ப்பின் மேற்குப் பக்கம், சாரல் அடிக்காமல் இருக்க ஒரு பழைய ஃபிளெக்ஸைக் கட்டியிருக்கிறோம். அதில் இருப்பது நான்தான். கோட்டு, டை, யாரையோ நம்பவைக்கும் சிரிப்பு. வெயில் பட்டுப் பட்டு முகம் வெளுத்துவிட்டது. முகத்தைச் சுற்றிய பச்சை வளையமும், கீழே ‘எங்கள் குலத்தின் பெருமையே, வருக வருக’ என்ற வரியும் மட்டும் இன்னும் அழியவில்லை. தினமும் வண்டியை எடுக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் எடுக்கப் பழகியிருக்கிறேன்.

அந்த வரி என் மாமா எழுதியது. அம்மாவின் தம்பி, உத்தமபாளையத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கம் காதுகுத்தானாலும் சாவானாலும் ஃபிளெக்ஸ் கட்டினால்தான் நடந்ததாகக் கணக்கு. பிள்ளை இல்லாத மாமா தன் கைவரிசையை எல்லாம் என்மேல் காட்டினார். நான் பத்தாவது பாஸ் செய்ததற்கு ஒன்று, சென்னையில் வேலை கிடைத்ததற்கு ஒன்று, பைக் வாங்கியதற்குக்கூட ஒன்று. நான் தும்மினாலும் இந்த மனுஷன் போர்டு வைப்பார் என்று அத்தை கேலி செய்வார்.

அந்தச் சென்னை வேலை ஒரு நாள் போய்விட்டது. ஆள் குறைப்பு என்றார்கள். வீட்டில் சொல்லவில்லை. மாமா வைத்த போர்டுகளை எல்லாம் நினைத்தால் வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. அறையில் கூட இருந்த நண்பன், வேலை தேடுகிறவர்களும் கொடுக்கிறவர்களும் கூடும் இணையத்தளத்தில் என் பக்கத்தைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். ‘காய்கறிக் கிட்டங்கி மேற்பார்வை’ என்று நான் போட்டிருந்ததை ‘குளிர்பதனச் சரக்கு மேலாண்மையில் தேர்ந்த அனுபவம்’ என்று மாற்றினான். கல்யாண வீட்டில் எடுத்த படத்தைத் தூக்கிவிட்டு, ஸ்டுடியோவில் இரவல் கோட்டுடன் ஒரு படம் எடுக்கவைத்தான். கடைசியாக அந்தப் படத்தைச் சுற்றிப் பச்சை வளையத்தைப் போட்டான். அதில் ஆங்கிலத்தில் ‘ஓப்பன் டு ஒர்க்’ என்று இருக்கும். வேலை தேடுகிறேன் என்று பொருள். வாசித்தபோது எனக்கே அந்த ஆளுக்கு வேலை கொடுக்கலாம் போலிருந்தது. ஆனால் யாரும் கூப்பிடவில்லை.

மாதா கோயில் திருவிழாவுக்கு மடிக்கணினியும் கையுமாக ஊருக்கு வந்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று பொய் தயாராக இருந்தது. பேருந்தை விட்டு இறங்கினால், திராட்சை வண்டிகள் திரும்பும் முக்கில் என் முகம் ஆளுயரத்துக்குமேல் நிற்கிறது. பச்சை வளையத்தோடு. மாமா எங்கிருந்தோ என் பக்கத்தைத் தேடிப் பிடித்து, படத்தை அப்படியே எடுத்து அடித்துவிட்டார். வழக்கமாகக் கோயில் வாசலில்தான் கட்டுவார். அங்கே இடம் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டையில் அதன் அடியில் நின்றிருந்தார்.

“எப்பிடி இருக்கு மாப்ள?” என்றார். பிறகு, “இந்தப் பச்சை வளையம் எதுக்குப் போட்ருக்காக?” என்று கேட்டார்.

“அது எல்லாருக்கும் தரமாட்டாக மாமா. நல்லா வேலை பாக்குறவுகளுக்கு மட்டுந்தான்” என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியா? சரி வா, சாப்பிட்டியா?” என்று என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

திருவிழா முடிந்த வாரமே காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைக்குக் குளிர்பதனக் கிட்டங்கி நடத்துகிறவர் போன் செய்தார். “முக்குல போர்டு பாத்தேன் தம்பி, வேலை தேடுறீகளா?” என்றார். தளத்தில் அத்தனை ஜோடனை செய்தும் வராத வேலை மாமாவின் ஃபிளெக்ஸில் வந்தது. ஊரோடு இருக்கலாம் என்று சென்னை வேலையை விட்டுவிட்டேன் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் டீக்கடையில் எல்லாரிடமும், “அம்புட்டுச் சம்பளத்த உதறிட்டு ஆத்தாளப் பாக்க வந்துட்டான்” என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் மாமா திடீரென்று நெஞ்சு வலியில் போய்விட்டார். அவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க அவர் கடைக்கே போனேன். பல வருடமாக அங்கே டிசைன் போடும் அக்கா கணினியில் மாமாவின் படத்தைத் தேடும்போது என் பழைய படம் வந்தது. இந்த வளையத்தின் அர்த்தம் தெரியாமலே மாமா அடித்துவிட்டார் என்று சிரிக்க முயன்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். “தெரியாமலா? நான்தான் தம்பி வாசிச்சுச் சொன்னேன். எடுத்துருவமாண்ணேன்னு கேட்டேன். ‘இருக்கட்டும்த்தா. படிச்சவுகளுக்குப் பய வேலை தேடுறான்னு தெரியட்டும், மத்தவுகளுக்குப் பெருமையாத் தெரியட்டும். கிட்டங்கிக்காரரு கார் போற முக்குல கட்டுவோம். என்கிட்ட அவனாச் சொல்லுவான்’னு சொன்னாக.”

வளையத்தைப் பற்றி மாமா அன்று கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் சொல்லட்டும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த முக்கில் நின்றிருக்கிறார். நான் அதை அவர் முகத்திலேயே சாத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் சொன்னதெல்லாம் என் பொய்க்கு அவர் கொடுத்த முட்டு. தெரிந்தே கொடுத்திருக்கிறார்.

இப்போது அந்தக் கிட்டங்கியைக் கைமாற்றுகிறார்கள். நான் மறுபடியும் என் பக்கத்தைச் சீர் செய்து கொண்டிருக்கிறேன். ‘தேர்ந்த அனுபவம்’ என்பதை எடுத்துவிட்டு என்ன வேலை பார்த்தேன் என்று எழுதினேன். கோட்டுப் படத்தையும் எடுத்தாயிற்று. வளையத்தைப் போட்டபோது அம்மா வந்து திரையைப் பார்த்தாள்.

“இது மாமா போர்டுல இருந்ததுல்ல?”

“வேலை தேடுறேன்னு அர்த்தம்மா.”

“அப்ப அன்னைக்கும்?”

“அன்னைக்கும்தான். வேலை போயிருச்சு.”

அம்மா வெளியே போனாள். சாரல் தொடங்கியிருந்தது. சார்ப்பில் அவிழ்ந்து படபடத்த ஃபிளெக்ஸின் முனையை இழுத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

“மாமாகிட்டயாவது சொன்னியாடா?”