பைக்குள் போட்ட பாதங்கள்

பெரிய வியாழன் மாலையில் எங்கள் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்வது. பணிவு வரவேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. அந்த நாற்காலி வரிசையில் முதல் நாற்காலி வருடா வருடம் என்னுடையது என்பதை உடையார்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன். பணிவில் என்னை மிஞ்ச எங்கள் பங்கில் ஆள் கிடையாது.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. சாமியாரிடம் யாரும் அழுக்குக் காலை நீட்டுவதில்லை. வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, எண்ணெய் தடவிக்கொண்டுதான் போவோம். அவருக்குக் கழுவ எதையும் மிச்சம் வைக்காமல் இருப்பதுதான் மரியாதை. நானோ ஓய்வுபெற்ற வாத்தியார். மரியாதையில் குறை வைப்பேனா? மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே வெந்நீரில் காலை ஊறப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். தேங்காய் நார், எலுமிச்சைத் தோல், பழைய பல் பிரஷ் என்று பக்கத்தில் பரப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு என் மனைவி, "நம்ம கல்யாணத்துக்கு மூஞ்சியக்கூட நீங்க இப்படிக் கழுவல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வந்தவன் அவளுடைய தம்பி, என் மச்சினன். முந்திரிக்கொல்லை வைத்திருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் என்னை பைக்கில் ஏற்றி வந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே வண்டியோடு வண்டியாக நின்றுகொண்டிருப்பான். அவன் அம்மா உயிர் போகும்போது அவன் எங்கே என்றுதான் கேட்டார்கள். அவன் குடித்துவிட்டு எங்கோ விழுந்து கிடந்தான். அன்றோடு குடியை விட்டான். கோயிலையும் விட்டான். உள்ளே வாடா என்று நான் எத்தனையோ தடவை போதித்திருக்கிறேன். ஆண்டவருடைய இரக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையையும், வகுப்பு எடுப்பதுபோல, கையை ஆட்டி ஆட்டி. அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வான்: "இந்தக் கால வச்சிக்கிட்டு எப்படி மாமா உள்ள வர்றது?"

அவன் சொல்வதில் எனக்குக் கோபம்தான் வரும். இவ்வளவு நன்றாகப் போதித்தும் ஒருவன் திருந்தவில்லை என்றால் அது போதித்தவனுக்கு அவமானம் இல்லையா?

அன்றைக்கு வண்டியில் ஏறும்போது ஒரு யோசனை வந்தது. எங்கள் பாதை முழுக்கச் செம்மண். பத்தடி போனால் போதும், மத்தியானம் முழுக்கப் பட்ட பாடு வீணாகிவிடும். துணிக்கடைப் பிளாஸ்டிக் பைகள் இரண்டை எடுத்துக் காலுக்கு ஒன்றாக மாட்டி, கணுக்காலில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மச்சினன் திரும்பிப் பார்த்தான். "பார்சலா மாமா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

கோயில் கொடிமரம் கண்ணுக்குத் தெரிந்தபோது ஏதோ கருகும் வாடை அடித்தது. வழியில் எவனோ குப்பையைக் கொளுத்துகிறான் என்று நினைத்து, நாட்டின் சுகாதாரத்தைப் பற்றி மச்சினனிடம் பேச ஆரம்பித்தேன். பேச்சு பாதியில் இருக்கும்போது வலது கால் சுட்டது. பை சைலன்ஸரில் ஒட்டி உருகிக்கொண்டிருந்தது. வண்டி நிற்பதற்குள் குதித்தேன். குதித்த இடம் கோயில் வாசல் குழாயடி. சேற்றில் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டேன். வலது காலில் கருப்பாக உருகிய பிளாஸ்டிக், அதன்மேல் செஞ்சேறு. இடது காலில் பை அப்படியே இருந்தது, உள்ளே பாதி சேற்றோடு.

மணி அடித்தது. சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் வாசலுக்கு ஓடி வந்து, எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, முதல் நாற்காலி மட்டும் காலியாகக் கிடக்கிறது என்று அவசரப்படுத்திவிட்டுப் போனார். குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது.

"நான் வரலடா. வூட்டுக்கே திருப்பு" என்றேன்.

"ஏன் மாமா?"

"இந்தக் கால வச்சிக்கிட்டு எப்படிடா உள்ள போறது?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். பைகளை அவிழ்த்து எறிந்துவிட்டு, "எனக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்குக் கெடையாதா?" என்று கேட்டுக்கொண்டே என் கையை எடுத்துத் தோளில் போட்டான். எனக்கு ஊன்ற வேறு தோள் இல்லை. அவனுக்கும் என்னைப் பாதி வழியில் போட்டுவிட்டுப் போக முடியாது. அப்படித்தான் அவன் கோயில் வாசற்படியைத் தாண்டினான். எல்லாரும் என் காலைப் பார்த்ததால் அவனை யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலால் விளைந்த முதல் நன்மை அது.

பிரசங்கம் முடிந்து சாமியார் தண்ணீரும் பேசினுமாக வந்து என் முன்னால் முழங்காலிட்டார். வீங்கிய காலைத் தூக்கிப் பிடிக்க மச்சினன் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். சாமியார் தாழ்ந்த குரலில், "வருசா வருசம் உங்க கால்ல தண்ணியக் காட்டிட்டுப் போயிடுவேன் சார். இன்னைக்குத்தான் எனக்கு வேல குடுத்துருக்கீங்க" என்றார். தேய்த்தார். தண்ணீர் சிவந்தது. நகத்தால் பிளாஸ்டிக்கைச் சுரண்டினார். பாடகர் குழுவின் பாட்டு தீர்ந்து, முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்தது. மற்ற பதினொரு பேரும் எண்ணெய் பளபளக்கும் கால்களோடு காத்திருந்தார்கள்.

என் காலைத் துடைத்துவிட்டு எழப்போனவர் மச்சினனைப் பார்த்தார். "உன் காலக் காட்டு."

"நான் அந்தப் பன்னெண்டுல இல்ல சாமி."

"எண்ணிப் பாத்தா கழுவுறேன்? காட்டு."

முந்திரிப்பழச் சாறு கறுத்துப்போய், வெடித்துக் கிடந்த கால் அது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, சூடான தண்ணீரில் வைப்பதுபோல, மெதுவாக நீட்டினான். அவனுக்கென்று துண்டு இல்லாததால் என் புதுத் துண்டை உருவித் துடைத்தார் சாமியார். அந்தத் துண்டை அன்றைய விழாவுக்கென்றே எடுத்திருந்தேன். அந்த வருத்தம்கூட எனக்கு உடனே வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இப்போது அவன் கோயிலுக்குள் வருகிறான். கடைசி பெஞ்சு, கதவோரம். அதற்கு மேல் நான் எதுவும் போதிப்பதில்லை. எனக்குத்தான் வேறு வேலை வந்துவிட்டதே. பெருவிரல் பக்கத்தில் ஒரு பொட்டுப் பிளாஸ்டிக் போகவே இல்லை. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, சேற்றுக் காலோடு ஆண்டவர் முன்னால் போய் உட்கார எவ்வளவு தாழ்மை வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு கோயில் வாசலில் அப்படி ஒருவரைப் பிடித்து நிறுத்தியிருந்தபோது மச்சினன் கடந்து போனான்.

"காட்டுனது போதும் மாமா. கால எறக்கி வச்சிட்டு உள்ள வாங்க."