சும்மா வரிசை

அக்கா வீட்டு அடுப்படி அலமாரியில் ஆறு டப்பா காளான் பொடி அடுக்கியிருந்தது. பார்த்ததும் காளான் மேடத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பெரிய மேடமெல்லாம் இல்லை. பதினோரு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் காளான் சாற்றை வடித்து, புற்றுநோய் செல்கள்மேல் சொட்டு விட்டு, சாகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டெக்னீஷியன். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. இத்தனை வருஷத்தில் ஒரு காளானும் உருப்படியாக எதையும் சாதிக்கவில்லை, பாவம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் பார்த்தால், அடேயப்பா, சொட்டு விட்ட பிளேட்டில் வரிசை வரிசையாகக் குழிக்குக் குழி செல்லெல்லாம் சுருண்டு கிடக்கிறது! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மார்பில் புற்றுநோய் வந்து கீமோ ஊசி போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குத்தான் முதல் போன். "அக்கா, எல்லாம் செத்துப்போச்சு! சுத்தமா செத்துப்போச்சு!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போனை வைத்த பிறகுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே அதற்கு 'சும்மா வரிசை' என்று பேர். ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது; அதில் காளான் கிடையாது, சாற்றைக் கரைக்கிற ஆல்கஹால் மட்டும்தான். அதிலும் எல்லாம் செத்துக் கிடந்தது. ஆல்கஹாலில் தண்ணீர் கலக்க மறந்து அப்படியே விட்டிருக்கிறாள், புண்ணியவதி! வெட்கம் பிடுங்கித் தின்ன, மறுபடி செய்தாள். இந்தத் தடவை ஒரு செல்கூடச் சாகவில்லை. அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

"என்னக்கா இதெல்லாம்?" இப்போது டப்பாக்களைக் காட்டிக் கேட்டாள்.

"நீ சொன்ன காளான்தாண்டி. உங்கத்தான் கடை கடையா அலைஞ்சு வாங்கிட்டு வந்தாரு."

"அப்ப ஊசி?"

"நிறுத்திட்டேன். அந்த வாந்தி யாரால ஆகும்? என் தங்கச்சியே கண்ணால பார்த்துட்டா, அப்புறம் என்ன?" அக்கா தலையைத் தடவிக் காட்டினாள். "பாரேன், முடிகூட முளைக்குது."

ஊசி நின்றால் முடி முளைக்காமல் என்ன செய்யும்? காளான் மேடம் "அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அக்கா ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை.

"அப்ப மூணு வாரமா நான் குடிச்சது?"

காளான் மேடத்தின் வாயில் வந்தது ஆய்வுக்கூடத்து அந்த ஒரு சொல்தான்.

"சும்மாக்கா."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். "ஆஸ்பத்திரி எத்தனை மணி வரைக்கும்டி இருக்கும்?"